கடல் பக்கத்து ஆணி

அந்தப் பையைக் கீழே வையுங்கள் தம்பி. படகு இரண்டரை மணிக்கு. இப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. துறைக்கு நடந்து போனால் இருபது நிமிடம், மெதுவாக நடந்தாலும் இருபத்தைந்து. அங்கே போய் வெயிலில் நிற்பதற்கு இங்கேயே இருக்கலாம். அந்த பெஞ்சில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நேற்று மாலை மினதி சொன்னதையெல்லாம் உங்களுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான். அவள் இந்தியில் ஒரு வாக்கியம் சொல்வாள், நான் அதைத் தமிழில் சொல்வேன், நீங்கள் தலையாட்டுவீர்கள். 'என் கண் சரியில்லை. உங்கள் தம்பியின் பெயர் ஓடு பலகையில் கடல் பக்கம் தொங்கியது. நான் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையது.' அவள் சொன்னதில் நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் கட்டுப்பாட்டு அறையோடு போனில் பேசியவன். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வது எனக்குப் பழக்கம்.

அதற்கு நீங்கள், "எங்கப்பா கேப்பாருங்க. எழுதிக் குடுக்காம ஊருக்குப் போக முடியாது" என்றீர்கள். அதையும் நான் அவளுக்கு இந்தியில் சொன்னேன். அவள் "எழுதட்டும்" என்றாள். சொல்லிவிட்டு உங்களுக்குச் சோறு வைக்கப் போய்விட்டாள்.

இன்றைக்கு நீங்கள் போர்ட் பிளேரில் இறங்கி அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுப்பீர்கள். விடுதிக்காரி மினதியின் கவனக்குறைவால் என் தம்பி இளம்பரிதி இறந்தான் என்று. அப்புறம் இந்த இடத்தை மூடுவார்கள். நியாயம்தான், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் எழுதுவேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. என்னிலிருந்து ஆரம்பித்தால் என்னைப் பற்றியே பேசுகிறேன் என்பீர்கள். பரிதியிலிருந்து ஆரம்பித்தால் என்னால் முடிக்க முடியாது.

என் பெயர் கலியபெருமாள். விருத்தாசலம் பக்கம். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். பெரிய ஸ்டேஷன்கள் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு வண்டி, பத்து வண்டி போகிற ஒற்றைப் பாதை ஸ்டேஷன்கள். ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கினேன். மனைவி ஓசூரில் மகனோடு இருக்கிறாள். சண்டை எல்லாம் இல்லை. "நீங்க வீட்டையும் ஸ்டேஷன் மாதிரியே நடத்துறீங்க, ஒரு டம்ளரை என் இஷ்டத்துக்கு வைக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேரன் பிறந்திருந்தான், அதற்காகத்தான் போனாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பேரனுக்கு இப்போது நான்கு வயது.

போன நவம்பரில் இந்தத் தீவுக்கு வந்தேன். நான்கு நாளைக்கு. துறையில் இறங்கி மலிவாக எங்கே தங்கலாம் என்று கேட்டேன். ஒரு சைக்கிள்காரர் இங்கே கொண்டுவந்து விட்டார். பெயர்ப் பலகைகூடக் கிடையாது பாருங்கள். ஏழு மூங்கில் குடிசை, ஒரு குழாய், மரத்துக்கு மரம் தூளிக் கட்டில். எல்லாம் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள். வெள்ளைக்காரர்கள் பாதி, பெங்களூர், புனே பிள்ளைகள் பாதி. செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், குடித்த கோப்பை மணலில். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் காலையில் எழுந்து எல்லாக் கோப்பையையும் பொறுக்கிக் குழாயடியில் வைத்தேன். மினதி பார்த்தாள். "மாஸ்டர் பாபு, நீங்க விருந்தாளி" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். மூன்றாம் நாள் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தேன். ஐந்தாம் நாள் நான் ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஏன் போகவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். கடல் பிடித்ததா? எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. இத்தனை மாதத்தில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஒருவேளை அந்தப் பலகைதான் காரணமோ என்னவோ.

அதோ, கடலுக்குப் போகிற வழியில் நிற்கிறதே, அந்தப் பலகை. உங்களுக்கும் நேற்று மினதி ஒரு கொட்டாங்குச்சி ஓட்டில் பெயர் எழுதிக் கொடுத்தாள் அல்லவா? வருகிற எல்லோருக்கும் கொடுப்பாள். இடது பக்கம் நீலத்தில் ஓர் அலை வரைந்திருக்கும், அது கடல். வலது பக்கம் ஒரு கூரை, அது வீடு. இரண்டு பக்கமும் ஆணி. கடலுக்குப் போகிறவர்கள் தங்கள் ஓட்டை எடுத்து அலைப் பக்கம் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் கூரைப் பக்கம் மாட்ட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மினதி அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பாள். அலைப் பக்கம் ஒரு ஓடு இருந்தால் கொழுந்தன் கோகனைக் கூப்பிடுவாள். அவன் படகை எடுத்துக்கொண்டு போவான். இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அவ்வளவுதான் ஏற்பாடு. பதினோரு வருடமாக அப்படித்தான். ஒரு உயிர் போனதில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சொந்த ஊரில் யாரையோ பார்த்த மாதிரி இருந்தது. ஒற்றைப் பாதையில் எங்களுக்கும் இப்படித்தான். டோக்கன் என்று ஓர் இரும்புக் குண்டு. அது டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி அந்தப் பாதைக்குள் போகலாம். வந்து சேர்ந்ததும் அவர் அதைக் கொடுத்துவிட வேண்டும். வண்டி வந்துவிட்டது என்று மாஸ்டர் எப்போது சொல்லலாம்? இஞ்சின் வந்துவிட்டால் போதாது. கடைசிப் பெட்டியின் முதுகில் ஒரு பலகை இருக்கும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டது, புகை தெரிந்தது, யாரோ சொன்னார்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அந்தப் பலகையைப் பார்க்காமல் அடுத்த வண்டிக்கு வழி கொடுத்ததில்லை. மழையில் கொடுத்ததில்லை, காய்ச்சலில் கொடுத்ததில்லை. என் அப்பா இறந்த சேதி வந்த நாளிலும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியுமா? போகும்போது மாட்டுவார்கள். வரும்போது மறந்துவிடுவார்கள். டிசம்பரில் இரண்டு தடவை கோகன் வீணாகக் கடலுக்குப் போய்விட்டு வந்தான். இரண்டாவது தடவை அவன் தேடிப் போன ஆள் கடைத்தெருவில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். கோகனுக்குக் கோபம். "இனிமே கூப்பிடாதீங்க அண்ணி" என்று கத்திவிட்டுப் போனான்.

அன்றைக்கு நானே சொன்னேன், "பலகையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று.

தினம் நான்கு மணிக்குப் போவேன். கடல் பக்கம் எத்தனை ஓடு என்று எண்ணுவேன். அந்தந்த ஆளைத் தேடுவேன். தூளியில் படுத்திருப்பான், குழாயடியில் நிற்பாள். கண்ணால் பார்த்துவிட்டு ஓட்டை வீட்டுப் பக்கம் மாட்டுவேன். அரை மணி நேர வேலை. ஐந்து மணிக்கு மினதி வரும்போது பலகை சுத்தமாக இருக்கும். உண்மையிலேயே கடலில் இருக்கிறவர்கள் ஓடு மட்டும்தான் அந்தப் பக்கம் இருக்கும். "மாஸ்டர் பாபு இருக்கறப்ப எனக்கென்ன கவலை" என்பாள். கோகன்கூட எனக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியில் பார்த்தால் ஒருத்தரும் வரும்போது ஓட்டை மாற்றுவதே இல்லை. முன்னே பத்தில் மூன்று பேர் மறப்பார்கள். இப்போது பத்துக்குப் பத்து. மாஸ்டர் மாற்றிவிடுவார் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் பரிதி வந்தான்.

முதல் நாளே, "நீங்க தமிழுங்களா சார்?" என்று ஓடிவந்தான். உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும், நீங்கள் சிங்கப்பூரில் இருந்தீர்கள், அவன் கடைசி மூன்று வாரம் எப்படி இருந்தான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நன்றாக இருந்தான் தம்பி. ஒரு நாள் மினதியை அடுப்பிலிருந்து விரட்டிவிட்டு உங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கினான். இருபது பேருக்கு. மினதி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு 'சரீங்க' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தான். இன்னும் சொல்கிறாள், கேட்டிருப்பீர்களே. தோட்டத்துக் கிணற்றில் நீங்கள்தான் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தீர்கள் என்று சொன்னான். "எங்கண்ணன் இடுப்புல கயிறு கட்டி மேல இருந்து புடிச்சுக்கும், நான் பாதிக் கிணத்துல இருக்கறப்ப கயித்த உட்டுரும்" என்று சொல்லிச் சிரித்தான்.

இல்லை, அதை நான் வேறு எதற்கும் சொல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தண்ணீர் குடியுங்கள். இந்தக் கூஜாவில் இருப்பது காய்ச்சிய தண்ணீர்.

என்னைக் கிண்டல் பண்ணுவான். "நீங்க வந்த பொறவு இங்க ஒருத்தரும் தொலைஞ்சு போகவே முடியாதுங்க சார். தொலையறதுக்குன்னே நாலாயிரம் மைல் தாண்டி வந்த வெள்ளைக்காரன் பாவங்க." நான் டோக்கனைப் பற்றிச் சொன்னேன், கடைசிப் பெட்டிப் பலகையைப் பற்றிச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் என்றால் நடுவில் எழுந்து போய்விடுவார்கள். இவன் உட்கார்ந்து கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப எனக்குக் கடைசிப் பெட்டிப் பலகை எதுங்க சார்?" என்றான்.

"உன் மூஞ்சிதான். அதைப் பார்த்தால்தான் நீ வந்ததாகக் கணக்கு" என்றேன்.

"நல்லதுங்க. அழகான பலகைதான்."

அப்படிப் பேசிக்கொள்வோம்.

அவன் மட்டும் ஓட்டைத் தானே மாற்றுவான். எவ்வளவு அவசரமானாலும், பசித்தாலும், கடலிலிருந்து வந்ததும் ஈரக் கையோடு அதை எடுத்து வீட்டுப் பக்கம் மாட்டிவிட்டுத்தான் மேலே வருவான். ஒரு நாள் அவன் வருவதைத் தூரத்தில் பார்த்துவிட்டு நானே எடுத்து மாட்டினேன். உதவிதானே? அவன் வந்து பார்த்தான். எடுத்து மறுபடி கடல் பக்கம் மாட்டினான். பிறகு அதை எடுத்து வீட்டுப் பக்கம் மாட்டினான்.

"என்னுதை மட்டும் உட்டுருங்க சார். நானே மாத்திக்கறேன்."

"ஏன், என் மேல் நம்பிக்கை இல்லையா?"

"அப்படி இல்லீங்க. இதைக் கொண்டாந்து இந்தப் பக்கம் மாட்டறப்பத்தான் வந்து சேந்தாப்பல இருக்குது. அந்தச் சந்தோசத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படிங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் டீ குடிக்கப் பிடிக்கவில்லை எனக்கு. ஐம்பத்தேழு வயது மனிதனுக்கு இது ஒரு விஷயமா? நானே என்னைக் கேட்டேன். விஷயமில்லை என்றுதான் பதில் வந்தது. ஆனாலும் டீ குடிக்கவில்லை.

சரி. அந்த வியாழக்கிழமை.

அன்று மத்தியானம் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. அப்படி உள்வாங்கும்போது பவழப் பாறை வெளியே தெரியும். அரை மைல் தூரம் நடந்தே போகலாம். காலையில் அவன் போனானே, பாறை ஓரத்தில் நட்டிருக்கிற அந்த மூங்கில் கழி வரைக்கும் போகலாம். மன்னியுங்கள், காலையில் நீங்கள் போனீர்களே என்று சொல்ல வந்தேன். தண்ணீர் திரும்பும்போதுதான் ஆபத்து. முன்னால் ஏறாது, பின்னால் ஏறும். கரைக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அது முதலில் நிரம்பிவிடும். பாறை மேல் நிற்கிறவனுக்குக் கணுக்கால் வரைதான் தண்ணீர். திரும்பிப் பார்த்தால் நடுவில் ஓர் ஆறு ஓடும். கிணற்று நீச்சல் அந்த இழுப்புக்குத் தாங்காது. இதையெல்லாம் கோகன் பிற்பாடு சொன்னான்.

இரண்டு மணிக்கு அவன் போனதை நான் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு எழுந்து பலகைக்குப் போனேன். கடல் பக்கம் ஆறு ஓடு. ஐந்து பேரை ஒவ்வொருவராகக் கண்ணால் பார்த்தேன், ஓட்டை மாற்றினேன். ஆறாவது அவனுடையது.

அவன் குடிசைக்கு வந்தேன். படியில் அவன் செருப்பு இருந்தது. நீல வார் போட்ட செருப்பு, எங்கே போனாலும் அதுதான் போடுவான். கொடியில் துண்டு ஈரமாகத் தொங்கியது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

செருப்பிலிருந்து கதவுக்கு ஏழு அடி. பிற்பாடு எத்தனையோ தடவை நடந்து பார்த்திருக்கிறேன். ஏழே அடி. போய் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். "பரிதி" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

நான் தட்டவில்லை தம்பி. பலகைக்குத் திரும்பிப் போய் அவன் ஓட்டை எடுத்து வீட்டுப் பக்கம் மாட்டினேன்.

இருங்கள். எழுந்திருக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள், அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

காலையில் கடைத்தெருவில் அவன் பவழத்தில் நடக்கிற ரப்பர் ஷூ ஒன்று வாங்கியிருந்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போனான். அதனால்தான் செருப்பு படியில் கிடந்தது. ஷூ வாங்கச் சொன்னவனே நான். முந்தின நாள் அவன் உள்ளங்காலில் பவழம் கீறியிருந்தது. "வெறுங்காலோடும் இந்தச் செருப்போடும் அதில் நடக்காதே, கடையில் ஷூ விற்கிறான், வாங்கிக்கொள்" என்று நான்தான் சொன்னேன். துண்டு காலையில் துவைத்துப் போட்டது. மின்விசிறியை அவன் என்றைக்கும் அணைத்ததில்லை. அதற்காகவும் அவனை நான் திட்டியிருக்கிறேன்.

இவ்வளவுதான் நடந்தது என்று நிறுத்தியிருந்தால்கூட என்னைப் பற்றி நீங்கள் கொஞ்சம் நல்லவிதமாக நினைக்க வழி உண்டு. வயதான ஆள், செருப்பைப் பார்த்து ஏமாந்துவிட்டான் என்று. ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை நான் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஓட்டைக் கையில் எடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

'பார், இவனும் மறந்துவிட்டான்.' இதுதான் என் மனதில் ஓடியது. 'என்னுதை உட்டுருங்க' என்று நாலு பேர் முன்னால் சொன்னானே, கடைசியில் இவனும் மறக்கிறவன்தான், இவனுக்கும் நான்தான் வேண்டியிருக்கிறது. நாளைக்குக் காலையில் டீ குடிக்கும்போது இதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று வாக்கியம்கூட யோசித்து வைத்தேன். 'என்ன தம்பி, நேற்று வந்து சேர்ந்தீர்களா இல்லையா?' இதுதான் வாக்கியம். அதனால்தான் கதவைத் தட்டவில்லை. தட்டினால் அவன் எழுந்து வந்து தானே மாற்றிவிடுவான். அப்புறம் நாளைக்கு நான் என்ன சொல்லிக் காட்டுவது?

அந்தப் பலகையிலேயே உண்மையைச் சொன்ன ஓடு அது ஒன்றுதான். மற்ற ஐந்தும் பொய். அவன் ஒருவன்தான் மறக்காதவன் என்று எனக்குத் தெரியும். அவன் ஓடு கடல் பக்கம் இருந்தால் அவன் கடலில் இருக்கிறான். ஒரு குழந்தைக்குக்கூட இது புரியும்.

ஐந்து மணிக்கு மினதி வந்தாள். பலகை சுத்தமாக இருந்தது. "சரீங்க" என்றாள் என்னைப் பார்த்து. அடுப்பு மூட்டப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில்தான் அவனைக் காணோம் என்று தெரிந்தது. எல்லோரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் பலகைக்குத்தான் ஓடினோம். வீட்டுப் பக்கம் அவன் ஓடு இருந்தது. அதைப் பார்த்து எல்லோரும், கடைத்தெருவுக்குப் போயிருப்பான், அங்கே தேடலாம் என்று கிளம்பினார்கள். நானும் அவர்களோடு கடைத்தெருவுக்குப் போனேன். நானும் போனேன் என்பதைக் கவனியுங்கள். விடிந்த பிறகு கோகன்தான் கண்டுபிடித்தான். அந்த மூங்கில் கழிக்குப் பக்கத்தில்.

ஊரில் அவன் கைகளை உங்களுக்குக் காட்டினார்களா? துணி சுற்றியிருந்திருப்பார்கள். நான் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது. கழியில் சிப்பி ஒட்டியிருக்கும், கத்தி மாதிரி. அவன் அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருக்கிறான் என்று கோகன் சொன்னான். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "ஏழு மணி வரைக்கும் இருக்கலாம், எட்டு வரைக்கும் இருக்கலாம்" என்றான். கரையிலிருந்து அங்கே போகக் கோகனின் படகுக்குக் கால் மணி நேரம். ஐந்து மணிக்குப் பலகையைப் பார்ப்பார்கள், படகு வரும் என்று பரிதிக்குத் தெரியும். அவன்தான் ஓட்டைச் சரியாக மாட்டிவிட்டுப் போனவனாயிற்றே. அவன் காத்திருந்திருக்கிறான் தம்பி.

இப்போது மினதியைப் பற்றி.

காலையில் போலீஸ் வந்தபோது பலகையில் அவன் ஓடு கடல் பக்கம் தொங்கியது. யார் மாற்றினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் இல்லை. இருட்டில் அத்தனை பேர் முட்டி மோதினோம், யார் கையாவது பட்டுக் கீழே விழுந்திருக்கும், எடுத்து ஏதோ ஓர் ஆணியில் மாட்டியிருப்பார்கள். போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு மினதியிடம் கேட்டார். அவள், "சாயங்காலமும் அங்கேதான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை, எனக்குக் கண் மங்கல்" என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார், ராத்திரி பலகையைப் பார்த்த பிள்ளைகளில் ஒருவரையும் கேட்கவில்லை. அவளுக்குக் கண் சரியில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். மத்தியானத்தில் கொசுவலை தைப்பாள், கண்ணாடி இல்லாமலே ஒரே தடவையில் ஊசியில் நூல் கோப்பாள். கிட்டத்துப் பார்வை நன்றாக இருந்து தூரத்துப் பார்வை மட்டும் போயிருக்கும் போலிருக்கிறது. பாவம், அவள் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறாள். அதிர்ச்சியில் மனசு இல்லாததை இருந்ததாக நினைத்துக்கொள்ளும்.

நான் பேச வாயெடுத்தேன். அவள் திரும்பி, "மாஸ்டர் பாபு, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உங்களுக்கு இந்தி சரியா வராது" என்றாள். எனக்கா இந்தி வராது? முப்பத்தொரு வருடம் பேசியிருக்கிறேன். நேற்று உங்களுக்கு மொழிபெயர்க்க அவளே என்னைத்தானே கூப்பிட்டாள்? அன்று ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்ளத்தான் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் நாற்பது நாள். தினமும் ஒரு வேளைகூட விடாமல் எனக்குச் சாப்பாடு போடுகிறாள். முன்பு எல்லோருக்கும் வைத்துவிட்டு எனக்கு வைப்பாள். இப்போது எனக்குத்தான் முதலில். ஒரு நாள் நான், "மினதி, அந்தப் பலகை..." என்று ஆரம்பித்தேன். "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள். இன்னொரு நாள் ஆரம்பித்தேன். "உங்க வீட்டுக்காரம்மாவுக்குப் போன் பண்ணுங்க மாஸ்டர் பாபு, ஊருக்குப் போங்க" என்றாள். தன் தப்பை நான் ஞாபகப்படுத்துகிறேன் என்று அவளுக்கு வருத்தம் போலிருக்கிறது.

மனைவிக்குப் போன் பண்ணினேன். இங்கே ஒரு விபத்து, ஒரு பையன் இறந்துவிட்டான் என்றேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ஒண்ணும் பண்ணலையே?" முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் கேட்கிற கேள்வியா இது?

நேற்று நீங்கள் வந்தீர்கள். அவள் சொன்னதை நான் தமிழில் உங்களுக்குச் சொன்னேன். 'தப்பு என்னுடையது.' என் வாயால்தான் அந்த வாக்கியம் வந்தது, ஆனால் அவள் வாக்கியமாக வந்தது. அதைச் சொல்லும்போது ஒரு நொடி நிறுத்தினேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நிறுத்தியவன் 'இது என் வாக்கியம்' என்று சொல்லியிருக்கலாம். 'என்கிறாள்' என்று சேர்த்து முடித்துவிட்டேன்.

இந்தாருங்கள். விடிகாலையில் எழுதி வைத்தேன். இரண்டு பக்கம். நேரமெல்லாம் ரயில்வே கணக்கில் போட்டிருக்கிறேன், பழக்கம். 'பதினாறு மணி இருபத்தைந்து நிமிடம், மேற்படி ஓட்டை நேரில் ஆளைப் பார்க்காமல் நான் மாற்றினேன்.' கீழே கையெழுத்து, பெயர், ஊர், பென்ஷன் எண். உங்கள் காகிதத்தோடு இதையும் வைத்துக் கொடுங்கள். அல்லது உங்கள் காகிதத்துக்குப் பதில் இதைக் கொடுங்கள். நானும் உங்களோடு படகில் வரலாம். வர வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கிறேன். அவர்கள் வந்து கூப்பிடட்டும். நான் ஓடிப்போகிறவன் இல்லை.

சந்தோஷப்பட்டதை மட்டும் அதில் எழுதவில்லை. அதற்கு எந்த நேரம் போடுவது என்று தெரியவில்லை. அது உங்களுக்கு மட்டும் சொன்னது.

எழுந்துவிட்டீர்களா? சரி.

மினதியைப் பார்க்கப் போகிறீர்களா? போங்கள். சமையலறையில்தான் இருப்பாள். மொழிபெயர்க்க நான் வர வேண்டாம் இல்லையா? 'சரீங்க' என்றால் அவளுக்குப் புரியும்.

தம்பி, ஒரு நிமிடம். போகிற வழியில் இன்னொன்று. காலையில் கோகனோடு படகில் போனபோது உங்கள் ஓட்டைக் கடல் பக்கம் மாட்டிவிட்டுப் போனீர்கள். ஏழரைக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டீர்கள். வந்தவர் மாற்றவில்லை. அப்போதிலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் குளித்தீர்கள், சாப்பிட்டீர்கள், பை கட்டினீர்கள், இவ்வளவு நேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள். முகத்தை நன்றாகப் பார்த்தாயிற்று. அவன் ஜாடைதான். இருந்தாலும் எனக்குக் கை வரவில்லை.

நீங்களே போய் மாற்றுங்கள். பக்கத்து ஆணியில் இருப்பது பரிதியுடையது. போலீஸ் பார்த்த நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது, மினதி யாரையும் தொட விடுவதில்லை. அதை இந்தப் பக்கம் மாட்டுவதா, ஊருக்கு எடுத்துக்கொண்டு போவதா, அங்கேயே விடுவதா என்று நான் சொல்ல மாட்டேன்.

படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.